பாட்டு டீச்சர் பதில்கள்: கிரேக்கத்துப் பிள்ளைகள்

சென்ற இதழில் ஊட்டி வாசகி ஒருவர், வீட்டுப் பரணில் கிடைத்த எல்.பி. ரெக்கார்டின் அட்டையில் கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி போட்டிருக்கும் பெண்மணி யார் என்று கேட்டிருந்தார். நானா மூஸ்கூரி, கிரேக்கப் பாடகி என்று நாலு வரியில் பதில் எழுதினேன். நாலு வரி போதாது என்று நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் கடிதம் மேல் கடிதம். எனக்கும் அது போதவில்லைதான். ஆகவே இந்த இதழ் முழுக்கக் கிரேக்கர்களுக்கு.

நானா மூஸ்கூரியைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் டீச்சர். அந்த ரெக்கார்டை இப்போது தினமும் கேட்கிறேன்.
*(அதே வாசகி, ஊட்டி)*

கேளுங்கள் அம்மா, நன்றாகக் கேளுங்கள். 1934-ல் கிரீட் தீவின் சானியா ஊரில் பிறந்தவர். அப்பா சினிமா கொட்டகையில் ஆபரேட்டர். குடும்பம் ஏதென்ஸுக்குக் குடிவந்தது, அடுத்தாற்போல் போர், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பு, பசி. அந்த வறுமையிலும் பெண்ணைச் சங்கீதப் பள்ளியில் சேர்த்தார்கள். அவருடைய இரண்டு குரல் நாண்களும் ஒரே மாதிரி இல்லை, ஒன்று மெலிந்தது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தத் தொண்டையோடுதான் வருடக்கணக்கில் செவ்வியல் இசை படித்தார். இரவில் ஜாஸ் பாடுகிறார் என்று தெரிந்ததும் 1957-ல் பள்ளியில் அவரைத் தேர்வு எழுதவிடவில்லை.

அப்போது கைகொடுத்தவர் மானோஸ் ஹட்ஜிடாகிஸ் என்ற இசையமைப்பாளர். அவருடைய பாட்டுகளைப் பாடித்தான் நானா ஊருக்குத் தெரிந்தார். 1961-ல் ஏதென்ஸின் வெள்ளை ரோஜாவைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு பாட்டு. பத்து லட்சத்துக்கு மேல் ரெக்கார்டு விற்றது. எந்த நாட்டுப் படை தன் சிறு வயதில் ஏதென்ஸைப் பட்டினி போட்டதோ, அந்த நாட்டு மக்களின் மொழியிலேயே பாடி அவர்கள் மனதில் இடம்பிடித்தார். இதை நான் சாதாரண வியாபார வெற்றியாக நினைப்பதில்லை.

நம் நீலகிரி வெலிங்டனிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு ராணுவக் குடும்பத்திடம் வாங்கிய நானா ரெக்கார்டுகள் என்னிடம் இருக்கின்றன. எங்கள் கொயர் பிள்ளைகளுக்கு அவற்றைப் போட்டுக்காட்டுவேன். ஒரு வரியின் கடைசி எழுத்தை அவர் எப்படி விடுகிறார் என்று மட்டும் கவனிக்கச் சொல்வேன். நம் பிள்ளைகள் மூச்சு தீர்ந்ததும் வரியை அப்படியே போட்டுவிடுவார்கள். நானா மூச்சு தீரும் முன்பே முடிவுக்குத் தயாராகிவிடுவார். குரல் மெலியும், ஆனால் சுருதி நூலிழை இறங்காது. உங்கள் ரெக்கார்டில் முதல் பாட்டின் கடைசி வரியில் ஊசியை வைத்துப் பாருங்கள், புரியும்.

1994 முதல் 1999 வரை ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் கிரேக்கத்தின் உறுப்பினராகவும் இருந்தார். 2010-ல் நாடு கடனில் தத்தளித்தபோது, அந்தப் பதவிக்கான ஓய்வூதியத்தை நாட்டுக்கே கொடுத்துவிடுவதாக அறிவித்தார்.

யான்னி, டெமிஸ் ரூசோஸ், ஜார்ஜ் மைக்கேல், மரியா காலஸ். ஒரு கோடிப் பேர் உள்ள குட்டி நாட்டிலிருந்து எப்படி இத்தனை பேர்?
*(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், ஊட்டி)*

சார், நீங்கள் சொன்ன நாலு பேரில் கிரேக்க மண்ணில் பிறந்தவர் கீபோர்டு கலைஞர் யான்னி ஒருவர்தான். ஆபெரா (இசை நாடக) பாடகி காலஸ் 1923-ல் நியூயார்க்கில் பிறந்தார், அப்பா அங்கே மருந்துக்கடை வைத்திருந்தார். பாப் பாடகர் ரூசோஸ் 1946-ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில். ஜார்ஜ் மைக்கேல் 1963-ல் லண்டனில், சைப்ரஸிலிருந்து வந்து உணவு விடுதி நடத்திய ஒரு கிரேக்கருக்கு மகனாக. இயற்பெயர் யோர்கோஸ் கிரியாகோஸ் பனயோட்டு.

பட்டியலை நீட்டினாலும் இதே கதைதான். கேட் ஸ்டீவன்ஸ் என்று பெயர் பெற்று, 1977-ல் இஸ்லாத்தைத் தழுவி யூசுஃப் இஸ்லாம் ஆனவரின் அப்பாவும் சைப்ரஸ் கிரேக்கர், அம்மா ஸ்வீடன்காரர். லண்டனில் கீழே உணவு விடுதி, மாடியில் வீடு. அமெரிக்காவில் ரிதம் அண்ட் புளூஸ் இசையின் தலைமகன்களில் ஒருவரான ஜானி ஓட்டிஸ், கலிஃபோர்னியாவில் மளிகைக்கடை வைத்திருந்த கிரேக்கரின் மகன். கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருவில் அவர்களோடு ஒருவராகவே வளர்ந்து, கடைசிவரை அவர்களோடே நின்றார். கணிதத்தை வைத்து இசை கட்டிய யானிஸ் ஜெனாகிஸ், ருமேனியாவின் பிரெய்லாவில் பிறந்தவர்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: குட்டி நாடுதான், ஆனால் கிரேக்கர்கள் அந்த நாட்டுக்குள் மட்டும் என்றைக்கும் இருந்ததில்லை. கடல் வணிகம், போர், பஞ்சம் என்று துரத்தத் துரத்தத் துறைமுகம் துறைமுகமாகப் போய்க் குடியேறியவர்கள். போன இடத்தில் முதலில் ஒரு கடை, அடுத்து ஒரு கோயில். சர்ச்சைத்தான் சொல்கிறேன். ரூசோஸ் சிறுவனாக அலெக்சாண்ட்ரியாவின் கிரேக்கச் சர்ச் பாடகர் குழுவில் பாடியவர். பின்னாளில் அந்தரத்தில் நடுங்கி நிற்கும் அவருடைய மேல்ஸ்தாயிக் குரலில் பைசாந்திய சர்ச் ராகத்தின் சாயலை நான் கேட்கிறேன். சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு அந்தக் குடும்பம் சொத்தை இழந்து ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்தது. சொத்து போனாலும் அந்தப் பாடும் முறை அவரோடு கூடவே வந்தது.

விமானக் கடத்தலில் டெமிஸ் ரூசோஸ் மாட்டிக்கொண்டார் என்கிறார்களே, உண்மையா?
*(வாசகர், பெருமாள்மலை)*

உண்மை. 1985 ஜூன் 14-ஆம் தேதி ஏதென்ஸிலிருந்து ரோம் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. விமானம் கடத்தப்பட்டு பெய்ரூட்டுக்குக் கொண்டுபோகப்பட்டது. பயணிகளில் அவரும் ஒருவர். மறுநாள் அவருக்கு 39-வது பிறந்தநாள். சில நாட்களில் விடுதலை ஆனார். பிறகும் பல ஆண்டுகள் பாடினார். 2015-ல் ஏதென்ஸில் காலமானார்.

என் தாத்தா பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து வந்தவர்கள். தேயிலைக் காட்டு வேலை. தாத்தா தப்பு வாசிப்பார், பாட்டிக்கு மலையகத்துப் பாட்டு எல்லாம் தெரியும். கல்லூரியில் நண்பர்கள் முன்னால் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு இசையமைக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
*(மாணவர், கூடலூர்)*

தம்பி, உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உனக்குச் சொல்ல வேண்டிய பதில் கிரேக்கத்திலேயே இருக்கிறது.

1922-ல் ஸ்மிர்னா பட்டணம் எரிந்தது. இன்று அது துருக்கியின் இஸ்மிர். அடுத்த ஆண்டு லோசான் ஒப்பந்தம். ஆசியா மைனரில் தலைமுறை தலைமுறையாக இருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் பன்னிரண்டு லட்சம் பேர் அளவில் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்த முஸ்லிம்கள் லட்சக்கணக்கில் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். மேலே இருப்பவர்கள் கையெழுத்துப் போட, கீழே இருப்பவர்கள் மூட்டை கட்டினார்கள். இந்தக் கதையை உன் பாட்டியிடம் சொல்லிப் பார், உனக்கு முன்னால் அவருக்குப் புரியும்.

வந்தவர்கள் பிரேயஸ் துறைமுகத்தைச் சுற்றிக் குடிசை போட்டார்கள். தாய்நாட்டுக்கு வந்தும் அங்கே அவர்கள் வேற்றாள்தான். ஸ்மிர்னாவின் பாட்டும், துறைமுகத்துக் கூலிகளும் சிறைக்குப் போய் வந்தவர்களும் பாடிய பாட்டும் அந்தச் சந்துகளில் கலந்தன. அதுதான் ரெபெட்டிகோ. அதன் வாத்தியம் பூசூகி, நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம். படித்தவர்கள் வீட்டில் அந்த வாத்தியத்தின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். 1936-ல் வந்த மெடாக்ஸஸ் சர்வாதிகாரம் அந்தப் பாட்டுகளுக்குத் தணிக்கை போட்டது.

இனிதான் முக்கியமான கட்டம். 1949 ஜனவரி 31, ஏதென்ஸில் ஒரு நாடக அரங்கு. ஹட்ஜிடாகிஸுக்கு அப்போது 23 வயது. படித்த கூட்டத்தின் முன்னால் நின்று, நம் நாட்டின் உயிருள்ள இசை இந்த ரெபெட்டிகோதான் என்று பேசினார். பேசிவிட்டு நிறுத்தவில்லை. ரெபெட்டிகோ கலைஞர்களான மார்கோஸ் வம்வகாரிஸையும் சோதீரியா பெல்லுவையும் அதே மேடையில் வாசிக்கவும் பாடவும் வைத்தார். அன்றைய ஏதென்ஸில் அது சின்ன விஷயம் இல்லை. உன் வயதை ஒட்டிய ஒரு பையன் செய்தது.

பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நிலைமையே மாறியது. 1960-ல் வந்த ஒரு கிரேக்கப் படத்துக்கு அவர் போட்ட பாட்டு ஆஸ்கர் வாங்கியது, பூசூகி ஒலியோடு. அதே 1960-ல் மிகிஸ் தியோடராகிஸ் என்ற இசையமைப்பாளர் இன்னொரு வேலை செய்தார். 1936-ல் தெசலோனிக்கியில் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஒரு வாலிபன் சுடப்பட்டுச் செத்தான். தெருவில் கிடந்த மகன்மேல் குனிந்து தாய் அழுவதைக் கவிஞர் யானிஸ் ரிட்ஸோஸ் ஒப்பாரியாக எழுதியிருந்தார். 'எபிடாஃபியோஸ்' என்ற அந்தக் கவிதைக்கு தியோடராகிஸ் மெட்டுப் போட்டார். அதை நானா பாடி ஹட்ஜிடாகிஸ் பதிவு செய்தது மென்மையானது. தியோடராகிஸுக்கு அது போதவில்லை. பித்திகோட்சிஸ் என்ற உழைக்கும் ஜனங்களின் பாடகரைக் கூப்பிட்டு, மனோலிஸ் ஹியோட்டிஸின் பூசூகியோடு மறுபடி பதிவு செய்தார். நாட்டின் பெரிய கவிஞனின் வரி, தெரு வாத்தியத்தோடு. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் இரண்டாவது பதிவின் பக்கம். ஒப்பாரியைப் பாடுகிறவர் குரலில் மண் ஒட்டியிருக்க வேண்டும்.

1967-ல் ராணுவ ஆட்சி வந்ததும் தியோடராகிஸின் இசையைப் பாடுவது, விற்பது, கேட்பது எல்லாமே குற்றம் என்றார்கள். அவரை ஆர்கேடியா மலையில் ஜட்டூனா என்ற சின்னக் கிராமத்தில் குடும்பத்தோடு காவலில் வைத்தார்கள். அங்கேயும் அவர் இசை எழுதுவதை நிறுத்தவில்லை.

நீ எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டாய். பாட்டியிடமிருந்து. ஃபோனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார். கும்மி, தாலாட்டு, காமன் கூத்துப் பாட்டு, ஆள்கட்டி வந்த கங்காணி காலத்துப் பாட்டு, எது வருகிறதோ அதைப் பதிவு செய். நடுவில் திருத்தாதே. இருமினாலும் நிறுத்தாதே. தாத்தாவின் தப்புக்குச் சொல்கட்டு இருக்கும், அதை வாயால் சொல்லச் சொல்லி எழுதிவை. கீபோர்டு, கம்ப்யூட்டர் எல்லாம் அதற்கப்புறம். நண்பர்களுக்கு முதலில் தாத்தாவையே வாசித்துக் காட்டச் சொல். வெட்கப்பட வேண்டிய கலை இல்லை அது.

நான் கர்நாடக சங்கீதம் கற்கிறேன். கிரேக்கப் பாட்டில் ராகம், தாளம் எல்லாம் உண்டா?
*(வாசகி, கோத்தகிரி)*

உண்டு கண்ணு, நீ நினைப்பதைவிட நெருக்கமாகவே. 'மிசிர்லூ' என்ற பாட்டைத் தேடிக் கேள். கிழக்கு மத்தியத் தரைக்கடல் முழுக்கப் பாடப்பட்ட மெட்டு. 1927-ல் தியோடோடோஸ் டெமெட்ரியாடிஸ் என்ற கிரேக்கர் அமெரிக்காவில் பதிவு செய்ததுதான் தெரிந்தவற்றில் பழையது. 1962-ல் டிக் டேல், லெபனான் வம்சாவளி அமெரிக்கர், அதையே எலக்ட்ரிக் கிட்டாரில் தெறிக்கவிட்டார். 1994-ல் ஒரு ஹாலிவுட் படத்தின் ஆரம்ப இசையாக வந்து உலகமெல்லாம் பரவியது.

அதன் ஸ்வரங்களை உன் சுருதிப் பெட்டியோடு பாடிப் பார். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். முதல் நாள் சரளி வரிசையில் நீ பாடிய மாயாமாளவகௌளையேதான். ராகம் என்று வரும்போது கமகம் வேறு, பிடிப்பு வேறு, ஆகவே இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடாதே. ஸ்வர வரிசை ஒன்று, அவ்வளவுதான். அவர்களிடம் இப்படிப்பட்ட ஸ்வர வரிசைகளுக்கு 'த்ரோமோஸ்' என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

தாளத்தில் இன்னும் சந்தோஷம் இருக்கிறது. 'கலமட்டியானோஸ்' என்று ஒரு வட்ட நடனம், ஏழு எண்ணிக்கை. மூன்று, இரண்டு, இரண்டு. தகிட தக திமி, தகிட தக திமி. தட்டிப் பார், மிஸ்ர சாபு. கலமாட்டா என்ற ஊரின் பெயரால் வந்த நடனம், யான்னி பிறந்ததும் அந்த ஊரில்தான். இன்னொன்று 'ஜெய்பெகிக்கோ', ஒன்பது எண்ணிக்கை, தனி ஆள் ஆடுவது. தக திமி தக தகிட என்று நிதானமாகப் போட்டு, கடைசி மூன்றில் ஆடுகிறவர் விழப்போகிற மாதிரி சாய்ந்து எழுவார். சந்தோஷத்துக்கு ஆடுவதைவிட மனப்பாரத்துக்கு ஆடுவதுதான் அதிகம்.

உன் குரு அனுமதித்தால், மிஸ்ர சாபுவில் தெரிந்த ஒரு கீர்த்தனையைப் பாடிவிட்டு உடனே ஒரு கலமட்டியானோஸ் பாட்டைக் கேள். இரண்டு ஊர்க் கால்களும் ஒரே இடத்தில் விழுவது தெரியும்.

நம் ஊர்ப் பாட்டு எதுவும் அங்கே போயிருக்கிறதா?
*(பழைய சினிமா ரசிகர், குன்னூர்)*

போயிருக்கிறது ஐயா, அதுவும் சாதாரணமாக இல்லை. 1950-களின் கடைசியில் இந்திப் படங்கள் கிரேக்கக் கொட்டகைகளில் சக்கைப்போடு போட்டன. நர்கிஸையும் மதுபாலாவையும் அங்கே தெரியாதவர் இல்லை. போரும் உள்நாட்டுச் சண்டையும் பார்த்து நொந்த ஏழை ஜனங்கள் 'மதர் இந்தியா'வைப் பார்த்து அழுதார்கள்.

அந்தப் படங்களின் மெட்டுகள் கிரேக்க வரிகளோடு ரெக்கார்டுகளாக வந்தன. அவற்றில் புகழ் பெற்றது 1959-ல் ஸ்டெலியோஸ் கசன்ட்சிடிஸ் பாடிய 'மந்துபாலா'. நம் மதுபாலா பெயர்தான். மெட்டு 'ஆவாரா' படத்தில் லதா பாடிய 'ஆஜாவ் தடப்தே ஹைன் அர்மான்', சங்கர்–ஜெய்கிஷன் இசை. கசன்ட்சிடிஸ் அகதிக் குடும்பத்துப் பிள்ளை. ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கூலி வேலைக்குப் போன கிரேக்கர்கள் எல்லோரும் தங்கள் சோகத்தை அவர் குரலில் கேட்டார்கள். லதாவின் பாட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். லதா காத்திருக்கிறார், கசன்ட்சிடிஸ் இழந்துவிட்டார். மெட்டு ஒன்றுதான்.

வாங்கெலிஸுக்கும் யான்னிக்கும் நொட்டேஷன் படிக்கத் தெரியாதாம். எங்களை மட்டும் ஏன் கட்டாயப்படுத்துகிறார்கள்?
*(பள்ளி மாணவர், கொடைக்கானல்)*

தெரியாது என்பது உண்மை. காரணத்தையும் சேர்த்துத் தெரிந்துகொள்.

வாங்கெலிஸ் 1943-ல் வோலோஸ் பக்கத்தில் அக்ரியாவில் பிறந்தார். நாலு வயதிலேயே பியானோவில் சொந்தமாக வாசிக்க ஆரம்பித்தவர். என்ன சத்தம் வரும் பார்க்கலாம் என்று வீட்டுப் பியானோவுக்குள் ஆணியும் பாத்திரமும் போட்டு வாசித்த பிள்ளை. (நீ போடாதே. மலையில் பியானோ படும் பாடு போதும். மழைக்காலத்தில் கட்டை ஊதி ரீட் இறங்கினால் எழும்பாது. என் பியானோவுக்குள் ஈரம் காய ஒரு பல்பு இரவும் பகலும் எரிகிறது.) 1968-ல் ரூசோஸோடு சேர்ந்து லண்டனுக்குக் கிளம்பினார். பாரிஸ் வரை வந்தபோது மே மாதக் கலவரமும் வேலைநிறுத்தமும். அங்கேயே தங்கி 'அஃப்ரோடைட்ஸ் சைல்ட்' குழுவாக வெற்றி பெற்றார்கள். பிறகு லண்டனில் சொந்த ஸ்டூடியோ. தன்னைச் சுற்றிலும் சிந்தசைசர்களை அடுக்கிவைத்து, படம் ஓட ஓட வாசித்துப் பதிவு செய்வார். 1924 ஒலிம்பிக் ஓட்டக்காரர்கள் பற்றிய 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்துக்கு 1982-ல் ஆஸ்கர் அப்படி வந்ததுதான். எல்லா வாத்தியத்தையும் தானே வாசிக்கிறவருக்கு, எழுதி இன்னொருவரிடம் கொடுக்கும் தேவை இல்லை.

யான்னி விஷயம் வேறு. மனோதத்துவம் படிக்க 1972-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குப் போனவர், தனக்கென்று ஒரு சுருக்கெழுத்து முறை வைத்திருக்கிறார். ஆனால் 1993 செப்டம்பரில் அக்ரோபோலிஸ் மலையடியில் ஹெரோடஸ் ஆட்டிகஸ் அரங்கில் அவர் நடத்திய கச்சேரியைப் பார். அவருடைய குழுவுக்குப் பின்னால் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா, நடத்தியவர் ஷாஹ்ர்தாத் ரொஹானி. ஒவ்வொரு வயலின் ஸ்டாண்டிலும் தாள் இருக்கிறது. அந்தத் தாளை யாரோ எழுதினார்கள், அத்தனை பேரும் படித்தார்கள். நொட்டேஷன் தெரிந்தவர்கள் இல்லாமல் அந்தக் கச்சேரி நடந்திருக்காது. 1997-ல் ஆக்ராவில் தாஜ்மகால் பக்கத்தில் யமுனைக் கரையில் வாசித்தபோதும் இதே கதைதான்.

உனக்குக் காது நன்றாக இருந்தால் காதை வளர்த்துக்கொள். நொட்டேஷனையும் படி. நாளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவரோடு பேச அது வேண்டும்.

மரியா காலஸ் குரலில் இனிமையே இல்லை. ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?
*(வாசகர், அருவங்காடு)*

கே.பி. சுந்தராம்பாளைக் கேட்கும்போது குரல் குழைகிறதா என்றா பார்க்கிறோம் ஐயா? உட்கார்ந்த இடத்தில் கட்டிப்போடுகிறாரா இல்லையா? காலஸையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

13 வயதில் அம்மாவோடு ஏதென்ஸ் வந்து, எல்விரா டி ஹிடால்கோ என்ற ஸ்பானியப் பாடகியிடம் கற்றார். தன் பாடம் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் மற்ற மாணவர்களின் பாடங்களையும் உட்கார்ந்து கேட்ட பெண். கிட்டப்பார்வை அதிகம். மேடையில் கண்ணாடி இல்லாமல் இசை நடத்துனரின் கையே தெரியாது. ஆகவே மற்றவர்கள் பாட்டு உட்பட முழு ஆபெராவும் மனப்பாடமாக இருக்கும். 1949 ஜனவரியில் வெனிஸில் வாக்னரின் கனமான பாத்திரத்தைப் பாடிக்கொண்டிருந்தார். இன்னொரு பாடகி நோயில் படுக்க, சில நாட்களில் பெல்லினியின் நுணுக்கமான, பிருகாக்கள் நிறைந்த பாத்திரத்தைப் புதிதாகக் கற்றுப் பாடினார். இரண்டையும் ஒரே தொண்டை பாடுவது ஆபெரா உலகத்தில் யாரும் எதிர்பார்க்காதது.

கீழ்ஸ்தாயியில் ஒரு குரல், நடுவில் ஒன்று, மேலே ஒன்று. மூன்றுக்கும் நடுவில் தையல் தெரியும். அதை அவர் மறைக்கவில்லை. பாத்திரத்துக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே அந்தத் தையலைக் கொண்டுவந்து வைப்பார். 'நோர்மா'வின் 'காஸ்தா தீவா'வை விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அதற்கப்புறமும் பிடிக்காவிட்டால் எழுதுங்கள், நான் வாதாட மாட்டேன்.

நான் படுகர் வீட்டுப் பெண். படுகப் பாட்டு நன்றாகப் பாடுவேன். வெளியுலகத்துக்குப் போக வேண்டுமானால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்கிறார் அண்ணன். ஜார்ஜ் மைக்கேலை உதாரணம் காட்டுகிறார்.
*(வாசகி, கோத்தகிரி)*

ஜார்ஜ் மைக்கேல் ஆங்கிலத்தில் பாடியதற்குக் காரணம், அவர் லண்டனில் பிறந்து வளர்ந்த பையன். அது அவருடைய மொழி. உன் அண்ணனின் உதாரணம் உனக்குத்தான் சாதகம் அம்மா. எந்த மொழியில் கனவு வருகிறதோ அதில் பாடு.

கேட் ஸ்டீவன்ஸைப் பார். 1971-ல் வந்த அவருடைய ஆல்பத்தில் 'ரூபிலவ்' என்று ஒரு பாட்டு. பூசூகி வாசிக்கிறது, நடுவில் ஒரு சரணம் முழுக்கக் கிரேக்கம். லண்டன் விடுதிக்காரர் வீட்டில் கேட்ட மொழி. கேட்கிறவர்களில் பாதிப்பேருக்குப் பொருள் தெரியாது, யாரும் தட்டைத் தூக்கிப்போடவில்லை. நானா எத்தனையோ மொழிகளில் பாடினார், ஆனால் கிரேக்கப் பாட்டு இல்லாத மேடை அவருக்குக் கிடையாது.

ஆங்கிலமும் கற்றுக்கொள், உச்சரிப்பு சுத்தமாகப் பாடு, அதில் தப்பில்லை. ஆனால் ஹெத்தையம்மன் பண்டிகையில் உங்கள் ஹட்டியில் பாடும் பாட்டுக்கும், அதற்கு வழிவழியாகக் கோத்தர்கள் வாசித்துவரும் குழலுக்கும் மேளத்துக்கும் உன்னைவிட நன்றாக யார் வாரிசாக முடியும்? வயதான பெண்கள் பாடும் நடையை அப்படியே பிடித்துக்கொள். ஸ்டூடியோவில் கீபோர்டுக்காரர் அதைச் சினிமா மெட்டாக நிமிர்த்தப் பார்ப்பார், விடாதே.

ஜார்ஜ் மைக்கேலின் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பாட்டை எங்கள் சபை இளைஞர்கள் கேரல் சுற்றில் பாடலாமா?
*(இளைஞர் குழுச் செயலாளர், குன்னூர்)*

கேரல் சுற்றில் வேண்டாம் தம்பி. அது காதல் முறிந்த பையனின் பாட்டு. குளிரில் வாசலில் நின்று பாடும்போது கதவைத் திறக்கிற பாட்டிக்குப் பாலகன் பிறந்த சேதிதான் வேண்டும்.

ஆனால் பாட்டை லேசாக நினைத்துவிடாதீர்கள். 1984-ல் அவர் தானே எழுதி, தானே எல்லா வாத்தியமும் வாசித்துப் பதிவு செய்தது. வருமானத்தை எத்தியோப்பியப் பஞ்சத்துக்குக் கொடுத்தார். பிரிட்டனில் முதலிடத்துக்கு வர 2021 ஜனவரி வரை காத்திருந்தது. அதற்குள் அவர் போய்விட்டார், 2016 கிறிஸ்துமஸ் அன்று. அவர் உயிரோடு இருந்தவரை வெளியே தெரியாமல் செய்த உதவிகள், உதவி பெற்றவர்கள் பேசத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தன.

பண்டிகை முடிந்து இளைஞர் கூட்டம் வைப்பீர்களே, அங்கே பாடுங்கள். ரெக்கார்டில் இரண்டு கட்டை சுருதி. உங்கள் பையன்களுக்கு மேலே எட்டாது, ஒரு கட்டைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். டிரம் பேடை அணைத்துவிட்டு ஒரு கிட்டார் மட்டும் வைத்துக்கொண்டால் வரிகள் கேட்கும்.